ஏழுக்குப் போகவும்

சிறகு உண்டெனில் இரண்டாம் எண்ணுக்குப் போகவும்.
இல்லையெனில் ஏழுக்கு.

என்னிடமுள்ள தாளில் ஏழு இல்லை.
ஒளிநகல் எடுத்தவர் யாரோ
ஓரத்தோடு வெட்டிவிட்டார்.

பீடோர் ஆலைக்குப் பின்னால்
தொண்ணூற்று நான்காம் புளோக்கில்
ஓலைக்கு எத்தனை புழு என்று எண்ணுவது என் வேலை.
நாற்பதைத் தாண்டினால் மருந்து லோரி வரும்.
முதுகில் நாலு மஞ்சள் குஞ்சம்,
தலைப்பக்கம் இரண்டு கறுப்புக் கொம்பு.
சுலாஸ்திரிக்கு அது உலாட் பூலு,
எனக்கு மயிர்க்கொட்டி,
மண்டோர் தங்கையாவுக்குச் சட்டைக் காலருக்குள்
இரண்டு நாள் அரிப்பு.

கூட்டிலிருந்து வந்தவள்
அந்துப்பூச்சி போலவே இல்லை.
நனைந்த பஞ்சு உருண்டை.
சிறகு இருக்கவேண்டிய இடத்தில்
நகக்கண் அளவு இரண்டு மொட்டு.
பிறந்த கூட்டின் மேலேயே உட்கார்ந்து
அதன் மேலேயே முட்டையிட்டு
அங்கேயே சாவாளாம்.
தாளோ ஆணைத்தான் விசாரிக்கிறது:
சிறகில் நரம்பு எங்கே பிரிகிறது,
அடிவயிற்றைக் காரத்தில் ஊறவைத்தால்
கொக்கி எந்தப் பக்கம் வளைகிறது.

அவளைக் கூட்டோடு மைலோ டின்னில் வைத்து
மூடியில் ஆணியால் துளையிட்டு
ஜன்னலில் தொங்கவிட்டேன்.

விடியுமுன் மூன்று பேர் வந்திருந்தார்கள்.
ஆலைப் புகை, அழுகிய குலை, லோரி டீசல்
அத்தனையையும் சீப்புப் பல் மீசையால் விலக்கிக்கொண்டு
எந்தப் புளோக்கிலிருந்தோ.
ஒரு தாளும் பார்க்காமல்
இவள் யாரென்று தெரிந்து வந்தவர்கள்.

ஒருவனைப் புட்டியில் போட்டேன்.
அவன் வயிற்றைக் கீறித்தான்
அவளுக்குப் பெயர் கிடைத்தது.

ஒர்கியா.
கிரேக்கத்தில், விரித்த இரு கைகளின் நீளமாம்.
முன்கால்களை அப்படி நீட்டி உட்காருவதால்.
நம் கணக்கில் ஒரு மார்.
சொன்னதும் சுலாஸ்திரி
அரிவாளைக் கீழே போட்டுவிட்டுக்
கைகளை விரித்துக் காட்டினாள்: 'செடெப்பா!'
அவள் கை என் கையைவிட நீளம்.

நேற்று டாக்டர் கூவின் கடிதம்.
இந்தப் பேரினத்தை உடைக்கிறார்களாம்.
நம்முடையது எந்தப் பாதியில் விழும் என்று
இன்னும் முடிவாகவில்லை,
லேபிளில் பெயரைப் பென்சிலால் எழுதவும்.

பென்சிலால் எழுதினேன்.
பீடோர், புளோக் 94, தேதி,
பிடித்தவர் திலகேஸ்வரி:
இவை மட்டும் மையில்.

மற்ற இருவருக்காக
அன்றைக்கே டின்னைத் திறந்து வைத்திருந்தேன்.
ஒருவன் போய்விட்டான்.
இப்போது கூட்டின் மேல்
ஜவ்வரிசி கொட்டியது போல் முட்டைகள்.
முந்நூறு இருக்கும், நானூறும் இருக்கலாம்.
எண்ணவில்லை.
ஓலையில் இருந்தால்தான் கணக்கு.