பன்னிரண்டாவது போல்ட்

தடைக்காலம் முடிய இரண்டு ராத்திரி.
சிங்காரத்தோப்புப் பக்கம் உப்பனாற்றில் கட்டிய படகில்
எஞ்சின் வயிறு திறந்து கிடக்கிறது.
ஆறு ராடும் சாக்கின்மேல் வரிசையாக.
ஒன்றின் தொப்பி இன்னொன்றுக்குப் போகாமலிருக்க
ஒவ்வொன்றிலும் புள்ளி குத்தியிருக்கிறேன்.

பழைய போல்ட் பன்னிரண்டையும்
டீசலில் அலசித் துடைத்து வைத்தான் தேசிங்கு.
"புதுசாட்டம்தானே இருக்கு" என்றார் அஞ்சாப்புலி.
படகு அவருடையது. வலையில் பாதி கடன்.
"இதுக்கு எதுக்கு நாலாயிரம்?"

மைக்ரோமீட்டரில் வைத்துக் காட்டினேன்.
ஏழாவது போல்ட் மற்றதைவிட நீளம்:
ஒரு நூலை முப்பதாக வகிர்ந்தால் அதில் ஒன்று.
அவருக்கு அது நீளமே இல்லை.
கடலைப் பாகத்தில் அளக்கிறவர்.

எப்படிச் சொல்வது.
இறுக்கும்போது போல்ட் இம்மியளவு நீளும்.
திரும்பச் சுருங்கத் துடிக்கும் துடிப்புதான் பிடி.
எல்லை தாண்டி நீண்டுவிட்டால்
அதற்குச் சுருங்க மறந்துபோகும்.
மறந்தது பார்த்தால் தெரியாது.
சாவி போட்டால் இறுகும், க்ளிக் என்று சத்தமும் தரும்.
பிஸ்டன் நிமிடத்துக்கு ஆயிரத்து எண்ணூறு தடவை
மேலே போய் நின்று திரும்புகிற கணத்தில்
ராட்டைப் பிய்ந்துபோகாமல் பிடித்திருப்பது
சுண்டுவிரல் பருமனில் இந்த இரண்டுதான்.

"சரி, போடு" என்றார்.

சென்னையிலிருந்து பார்சல் வந்தது.
எண்ணினோம். பதினொன்று.
தேசிங்கு சாக்கை உதறினான், அட்டைப்பெட்டியைக் கிழித்தான்,
மறுபடி எண்ணினான்.
பிடிவாதக்கார எண்.

"ஒண்ணே ஒண்ணுதானே மாஸ்டர்.
பழசுல நல்லதாப் பாத்து…"
முடிக்கவில்லை.
நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

புதுச்சேரி பஸ்ஸில் தவளக்குப்பம் வரை நின்றபடி.
சட்டைப்பையில் மாதிரிக்கு ஒரு பழைய போல்ட்.
நெல்லித்தோப்பில் வகாப் கடையில் இருந்தது.
"ஜோடியாத்தான் தருவேன்.
ஒத்தைய வச்சு நான் என்ன பண்றது?"
இரண்டுக்கும் காசு கொடுத்தேன்.

ஆல்பேட்டைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி
போலீஸ்காரர் என் மடியைத் தட்டினார்.
"என்னய்யா கனமா?"
"போல்டு சார்."
"எத்தன?"
"ரெண்டு சார்."
பொட்டலம் பிரித்து
முகர்ந்து பார்த்துத் திருப்பித் தந்தார்.

அன்று ராத்திரியே மூட்டினோம்.
மரைக்கு எண்ணெய் தொட்டு, முதல் சுற்று, இரண்டாம் சுற்று,
பிறகு கோணம் பார்த்து ஒரு கால் திருப்பு.
பன்னிரண்டும் ஒரே குரலில் முனகின.
அஞ்சாப்புலி சூடம் காட்டினார்.
முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது எஞ்சின்.

பையில் ஒன்று மிஞ்சியது.

அது எந்தப் படகுக்கு என்று எனக்குத் தெரியும்.
மூன்று வருஷத்துக்கு முன்னே
இதேபோல் ஒரு தடைக்காலக் கடைசி.
சோனங்குப்பம் வேம்பரசியின் படகு.
நாலாவது ராடு, இடது பக்கம்.
அன்றைக்கும் பதினொன்றுதான் வந்திருந்தது.
அன்றைக்கு நான் பஸ் ஏறவில்லை.
விளக்குப் பிடித்தவன் தேசிங்கு.

ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.
விடியுமுன் முகத்துவாரம் தாண்டும் நாற்பது எஞ்சினில்
அதை மட்டும் தனியாகக் கேட்கிறேன்.
அதிலும் நாலாவதை.
சத்தம் தேய்ந்தபின்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தடை நீங்கி மூன்றாம் நாள் வந்து அணைந்தது.
ஐஸ் பெட்டிகள் இறங்க, கணக்கு நோட்டோடு
வேம்பரசி நின்றிருந்தாள்.
"என்ன மாஸ்டர், இந்தப் பக்கம்?"

பைக்குள் கை.
உடம்புச் சூட்டில் இருந்தது போல்ட்.
"ஆயில் மாத்தி
எத்தன நாளாச்சு?" என்றேன்.