நாடாவைச் சுடுதல்

பழைய நாடாக்களைச் சுட்டெடுக்க வேண்டும்.
ஐம்பத்து நான்கு டிகிரி, எட்டு மணி நேரம்.
ரொட்டிக்குப் போதாத சூடு,
காய்ச்சலுக்குக் கொஞ்சம் அதிகம்.
சுடாமல் ஓட்டினால்
பசை இளகி, பாட்டு தன் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு
தோல் தோலாய் உரிந்துவிடும்.

ஹல் நகரத்தில், முன்பு மீன் கிடங்காக இருந்த கட்டிடத்தின்
இரண்டாம் மாடியில் எனக்கு இதுதான் பிழைப்பு.
மழை நாளில் சுவரிலிருந்து
இன்னமும் காட் மீன் வாடை.

இந்த வாரம் வந்திருப்பது
'மெர்க்குரி லாண்ட்ரி: மாபெரும் வெற்றிகள்.'
பதினாறு பாடல்கள். எண்ணிப் பார்த்தேன்.
ஒன்று ஆறாம் இடம் வரை போனது.
இன்னொன்று முப்பத்தொன்று வரை போய்,
அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகம் வந்ததைப் போல
வீடு திரும்பிவிட்டது.
மீதி பதினாலும் வீட்டை விட்டே கிளம்பாதவை.

புதிய அலை என்றார்கள் அப்போது.
ஹம்பர் முகத்துவாரத்தில் அலை பழுப்பு நிறம்.
புதிது எது, பழசு எது
சேற்றைத்தான் கேட்க வேண்டும்.

ஸ்பெயினிலிருந்து பாடகர் டோரியன் பெல் கூப்பிடுகிறார்:
"என் குரலை இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டு வா."
கீபோர்டு வாசித்த லினெட் அனுப்பிய வரிசையில்
அவள் எழுதிய ஒரே பாட்டு முதலில் நிற்கிறது.
பெவர்லியில் ஜன்னல் விற்கும் மெரிக்
ஒற்றை வரி எழுதியிருக்கிறார்:
எதையாவது போடு, செக் எப்போது?

டிரம்ஸ் வாசித்தவனைப் பற்றி
ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை.

எண்பத்து மூன்றில் ஒரு தாள எந்திரம் வாங்கினார்கள்.
சம்பளம் கேட்காது, பீர் குடிக்காது, தாமதமாக வராது.
படியேற்றித் தூக்கி வந்தது
அவன்தானாம்.

ஏழாம் நாடா அடுப்பிலிருந்து வந்தது.
நாற்காலி கிரீச்சிடுகிறது. யாரோ மூக்கை உறிஞ்சுகிறார்கள்.
பிறகு ஒரு குரல்:
"ஹீட்டரை அணைச்சிடாதீங்கப்பா, கை விறைக்குது."
குச்சியோடு குச்சி, நான்கு தட்டு.
ஆறாம் இடம் போன அதே பாட்டு,
எந்திரம் வருவதற்கு முந்தையது.

இரண்டையும் மாறி மாறிப் போட்டுக் கேட்டேன்.
எந்திரம் பிசகவில்லை.
இவன் பிசகுகிறான்.
பாடகர் ஓடும் இடத்தில் கூடவே ஓடி,
லினெட்டின் விரல்கள் தேடும் இடத்தில்
கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் போல
ஒரு மயிரிழை நிற்கிறான்.

மதியம் டிரைபூல் பாலத்துக்கு நடந்து போனேன்.
ரோலி ஹெஸ்கத் அங்கேதான்,
கண்ணாடி அறைக்குள், படகு வந்தால் பாலம் தூக்குகிறான்.
இரண்டு பக்கமும் வண்டிகள் அவனுக்காகக் காத்திருந்தன.
"உங்கள் பெயரை உறையில் போடச் சொல்லட்டுமா?"
சிரித்தான். ஒரு பல் இல்லை.
"எப்பவும் இருக்கே, பார்க்கலையா?
டிரம்ஸ்: ரோலின்னு.
அந்த மிஷினுக்கு அவங்க வச்ச பேரு அது."
பிறகு விசையை அழுத்தினான்.
பாலம் சாவகாசமாய் இறங்கி,
பொருந்தும்போது ஒரே ஒரு தட்டு.

மாடிக்குத் திரும்பினேன்.
உத்தரவு தெளிவாக இருந்தது: எந்திரம் வாசித்ததையே போடு,
பேச்சு, இருமல், குச்சிச் சத்தம் நீக்கு,
பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே
இரண்டு நொடி மௌனம்.

எல்லாம் சொன்னபடி செய்தேன்.
மௌனத்தை மட்டும்
ஏழாம் நாடாவிலிருந்து எடுத்தேன்,
அவன் பேசி முடித்து
குச்சியை உயர்த்துவதற்கு முன்னால் இருந்ததை.
பதினைந்து இடைவெளி, பதினைந்திலும் அதே இரண்டு நொடி.

நல்ல ஹெட்ஃபோனில், சத்தம் கூட்டி வைத்தால்
ஹீட்டர் ஓடுவது கேட்கும்.
யாரும் அணைக்கவில்லை.