வால்வு மூடி

நூர்ஷோவுக்கு வடக்கே, தபால் வண்டி திரும்புகிற இடத்துக்கும் அப்பால்
லுண்ட்மார்க்கின் காட்டில் செத்த கார்கள் கிடக்கின்றன.
ஒன்றின் பானெட்டைப் பிளந்து பூர்ச்ச மரம் எழுந்திருக்கிறது.
இன்னொன்றின் பின்சீட்டில் நரி குட்டி போட்டதாகச் சொன்னார்,
சொல்லிவிட்டு விலையை ஏற்றினார்.
நூற்றைம்பது குரோனா.
எஞ்சின் தலையை மூடும் தகரம், ரொட்டி டப்பா அளவு.
என் வோல்வோவின் மூடி துருவில் ஓட்டையாகிவிட்டது; இதுவும் அதே வயது.
கரி அப்பிக் கிடந்தது. என்ன நிறத்தில் பிறந்தது
என்று சொல்ல மறுத்தது.

பக்கத்து சீட்டில் வைத்து பெல்ட் மாட்டி ஓட்டி வந்தேன்.

முதல் வாரம் முழுக்க உரித்தல்.
மேலே கறுப்பு, யாரோ அவசரத்தில் அடித்தது,
வழிந்த துளிகள் வழிந்தபடியே உறைந்திருந்தன.
கீழே வெள்ளி. அதற்கும் கீழே நீலம்,
சமையலறை அலமாரிக்கு வாங்கி மிஞ்சிய நீலம்போல.
அடியில்தான் அந்தத் தொழிற்சாலைச் சிவப்பு,
நகக்கண் அளவு, நட்டுக்கடியில் ஒளிந்திருந்தது.

பிறகு வெறும் இரும்பு.
இரும்பில், பின்பக்க மூலையில், கோழிக்கால் மாதிரி மூன்று கீறல்.
ஸ்குரூடிரைவர் வழுக்கியிருக்கும் என்று நினைத்தேன்.
பட்டி குழைத்து அடைத்தேன்.
நானூறு, அறுநூறு, ஆயிரம் என்று உப்புத்தாள் மாற்றித் தேய்த்தேன்,
விரல் வைத்தால் வழுக்கும்வரை.

விறகுக் கொட்டகையில் கம்பியில் தொங்கவிட்டு ப்ரைமர்.
அப்புறம் சிவப்பு, மூன்று கோட்டிங்.
ஜூன் மாதம், இரவு பதினொன்றுக்கும் வெளிச்சம்;
வெளிச்சம் இருந்தால் கொசுவும் இருக்கும்.
இரண்டாம் கோட்டிங்கில் ஒன்று வந்து உட்கார்ந்தது, சாவகாசமாக.
எடுத்தேன். ஒரு கால் உள்ளேயே தங்கிவிட்டது.
இருக்கட்டும்.

ஓவனில் தொண்ணூறு டிகிரி, ஒரு மணி நேரம்.
ஹென்னிங் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துகொண்டே போனான்.
மூன்று நாள் எங்கள் மீனும் ரொட்டியும்
கார் ஷெட்டில் வெந்த மாதிரி மணத்தன.
அவன் ஒன்றும் சொல்லவில்லை. தனியாகப் போய் மூடியைப் பார்த்துவிட்டு வந்து
"அழகாத்தான் இருக்கு" என்றான், குற்றம் சாட்டுகிற குரலில்.

புது கேஸ்கெட். புது நட்டு.
எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.
சிவப்புக்குள் கொட்டகையின் விட்டம், விளக்கு, என் முகம்
எல்லாம் நடுங்கின.
பத்து நிமிஷம் சந்தோஷமாக இருந்தேன்.
பதினோராவது நிமிஷம், சூடான புகைக்குழாயில்
எண்ணெய் கருகும் வாசனை.
பின்பக்க மூலை.
ஒரு சொட்டு. அவசரமே இல்லாமல் இன்னொரு சொட்டு.

டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான்
அந்தக் கோழிக்கால் ஞாபகம் வந்தது:
நீளமாக ஒன்று, முனையில் சாய்வாய் இரண்டு.

பதினெட்டு வருஷமாக இந்தக் காட்டு வழிகளில் தபால் போடுகிறேன்.
மழையில் கரைந்த முகவரி, நடுங்கும் கை எழுதிய முகவரி,
பேர் மட்டும் இருந்து ஊர் இல்லாத முகவரி,
எல்லாம் படித்து உரிய பெட்டியில் சேர்த்தவள்
ஒரு அம்புக்குறியைப் படிக்கவில்லை.
யாரோ, எந்த வருஷமோ, கையில் கிடைத்த ஆணியால்
அடுத்துத் திறப்பவருக்கு எழுதியது.
இங்கே. விளிம்பு வளைந்திருக்கு. பார்த்துக்கொள்.
நான் அதைப் பூசி மெழுகி
வேகவும் வைத்தேன்.

ஆறியதும் கழற்றினேன். கண்ணாடிப் பலகையில் கவிழ்த்தால்
அந்த மூலையில் மட்டும் ஒரு தபால் அட்டை நுழைந்தது.
மரக்கட்டை வைத்துத் தட்டினேன், முக்கால் மணி நேரம்.
இப்போது அட்டை நுழையவில்லை.
மெல்லிய தாள் நுழைகிறது. கசியும், ஆனால் ஓட்டலாம்.

காய்ந்து பத்து நாள்கூட ஆகாத சிவப்பு.
ஹென்னிங் காபியோடு வந்து நின்று
"ஐயோ, என்ன செய்யறே?" என்றான்.
ஆணியை அழுத்தி, அதே மூலையில்,
நீளமாக ஒன்று.
முனையில் சாய்வாய் இரண்டு.