கேள்வி எண் பதினொன்று

நேரு பிளேஸில் ஆறாவது மாடி. லிஃப்ட் ஓடினால் அது விசேஷம்.
நாற்பது ஹெட்போன்களில் பதினேழாவது என்னுடையது.
தமிழும் மலையாளமும் கொஞ்சம் தெலுங்கும் தெரியும் என்பதால்
தெற்கு முழுக்க என் இடது காதுக்குள் வரும்.

சனிக்கிழமை வரைக்கும்
போர், பதினொன்றாவது கேள்வி.
அதற்கு முன்னால் வெங்காயம், கேஸ் சிலிண்டர்,
படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்,
கடைசியாகக் கடன் வாங்கியது எதற்கு.
அதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு வந்தவர்களில்
நூற்றுக்கு முப்பத்தெட்டு பேர்தான் வேண்டும் என்றார்கள்.
சிலர் பெருமூச்சு விட்டார்கள்.
அதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

ஞாயிறு ராத்திரி வாடிக்கையாளர் பேசினாராம்.
யார் என்று எங்களுக்குச் சொல்வதில்லை.
மேலாளர் துஷ்யந்த் கத்ரி எழுந்து நின்று
போனைப் பிடித்துக்கொண்டிருந்ததைக் காவலாளி பார்த்திருக்கிறார்.
கத்ரியின் மேஜைக் காலண்டரில்
ஒன்பது வாரம் தள்ளி ஒரு தேதிக்கு வட்டம் உண்டு.
வாக்குப்பதிவு அன்று எங்களுக்கு விடுமுறை.

திங்கள் காலை
போர் இரண்டாவது கேள்வி.
முதல் கேள்வி புதிது:
'எல்லையில் உயிர்நீத்த வீரர்களின் படங்களைப் பார்த்தீர்களா?'
வெங்காயம் போய்விட்டது.
போர் என்ற சொல்லும் போய்விட்டது.
பதிலடி வந்திருந்தது.

அதைத் தமிழில் எழுதியது நான்தான்.
உரிய பதிலடி, சரியான பதிலடி என்று சொல்லிப் பார்த்து
'தக்க' என்று வைத்தேன்.
அந்த இரண்டு ககரத்தில்
கன்னத்தில் அறை விழும் சத்தம் இருந்தது.
நன்றாக இருக்கிறது என்று எனக்கே தோன்றியது.

விருதுநகரில் ஒருவர்
கேள்வி முடியும் முன்பே ஆமாம் என்றார்,
மழை வருது, மொட்டை மாடியில மிளகா கிடக்கு.
ஆரணியில் ஒருவர்
'எல்லாரும் என்ன சொல்றாங்க?' என்றார்.
அதைக் கேட்கத்தான் சார் போன் பண்றேன்.
'அப்ப அதையே எழுதிக்கம்மா.'

குடியாத்தத்தில் ஒரு பெண்.
'அவரு அங்கதான் இருக்காரு.
அதுக்கு ஆமாம்னு போடணுமா, இல்லைன்னு போடணுமா?'
குக்கர் இரண்டு விசில் அடித்தது.
நாற்பத்தைந்து நொடி பதில் பதியாவிட்டால்
இயந்திரமே துண்டித்துவிடும்.
முழுமையடையாத அழைப்புகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள்.
யார் மூடினார்கள்?
திறக்கும்போது எதிரே என்ன இருக்கவேண்டும் என்று
கொஞ்சம் நகர்த்திவைத்தோம், அவ்வளவுதான்.

புதன்கிழமை மதியம் தேநீர் எடுக்கப் போனேன்.
வரைபடம் போடும் பையன் பட்டைகளை வரைந்து,
காவி நிறமா நீலமா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.
எங்களுக்கு இன்னும் அறுநூறு அழைப்பு பாக்கி.

எழுபத்தொன்று.

இரவு வயலெட் லைனில் நிற்க இடமில்லை.
லாஜ்பத் நகரில் ஏறியவர் போனை உயர்த்திப் பிடித்து
'நூற்றில் எழுபத்தொரு பேர் முட்டாள்களா?' என்று
பெட்டி முழுவதையும் கேட்டார்.
யாரும் இல்லை என்றார்கள்.
எல்லோரும் என்று சொல்ல முடியாது,
ஒருத்தி இறங்கும் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒப்பந்தம் இரண்டாயிரத்து நாற்பது பேருக்கு.
அறிக்கையில் இரண்டாயிரத்து நாற்பத்தொன்று.
திங்கள் காலை சோதனை அழைப்பு என் எண்ணுக்குத்தான் வந்தது.
பக்கத்து நாற்காலி ஜாக்ரிதி கேட்டாள்,
பின்னால் கத்ரி நின்றிருந்தார்.
சும்மா ஏதாவது சொல், அப்புறம் அழித்துவிடலாம் என்றாள்.
சொன்னேன்.