விடுபட்ட அளவுகள்

முதல் இடம் நிரோஜினி.
இரண்டாவது நான்.
பட்டியல் ஒட்டிய பலகையின் கீழே
அவள்தான் முதலில் கை கொடுத்தாள்:
"மெர்சலின், குளிருக்கு நல்ல ஸ்வெட்டரா வாங்கு."
விண்ணப்பத்தின் நான்காம் கட்டம் அவளுக்கு முன்பே தெரியும்.
பாஸ்போர்ட் எண்.
மண்டபம் முகாமில் பிறந்தவளுக்குப்
பதிவு எண் உண்டு, வரிசை வீட்டுக்கு எண் உண்டு,
குழாயடியில் குடத்துக்கு முறை உண்டு.
அந்தக் கட்டத்துக்குள் எழுத ஒன்றுமில்லை.
அவள் இடம் காலியானது, நான் உட்கார்ந்தேன்.
ரயிலில் யாரோ எழுந்துபோன ஜன்னலோரம் மாதிரி
சூடு ஆறவில்லை.

மூன்றாமாண்டு முழுக்க வெளிநாட்டில்.
தலைப்பு: இரு கரைகளில் கடல்மட்டம்.
அந்தக் கரைக்கு நான், இந்தக் கரைக்கு அவள்.
போவதற்கு முன் பழைய படகுத்துறைத் தூணில்
சிவப்பும் வெள்ளையுமாய் அளவுக்கோல் வரைந்தோம்.
அவள் அப்பா பெயின்ட் அடிக்கப் போன வீடுகளில்
மிஞ்சிய டப்பாக்கள்.

ஸ்வான்சீயில் கடல் ஐந்தாள் உயரம் ஏறும்,
பிறகு யாருக்கும் சொல்லாமல் கிளம்பிப் போகும்.
கண்ணுக்கெட்டியவரை சேறு.
முதல் நாள் பயந்துபோய் அவளைக் கூப்பிட்டேன்.
"போயிட்டுத் திரும்பி வாற கடலோ?" என்றாள்.
"இஞ்ச முழங்காலுக்கு மேல ஏறாது,
கணுக்காலுக்குக் கீழ வத்தாது.
எங்கட கடலுக்கும் பாஸ்போர்ட் இல்லைப் போல."
சிரிக்கலாமா என்று நான் யோசிப்பதற்குள்
இணைப்பு அறுந்தது.

காலை ஆறு, மாலை ஆறு.
அறுபத்திரண்டு. ஐம்பத்தொன்பது. எழுபது.
சில நாள் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரி:
கச்சான் பலம்.
நண்டுவலைக்காரர் கோலில் கயிறு கட்டிவிட்டார், அவிழ்த்தேன்.
வடகடல் இன்று தாம்பாளத் தண்ணீர்.
அங்கே எனக்குத் தானியங்கிக் கருவி.
ஒரு சொடுக்கில் கோப்பை இறக்கிவிட்டு
பஸ்ஸில் சிப்ஸ் தின்றபடி அறைக்குப் போவேன்.
சந்தோஷமாகத்தான் இருந்தேன், மறைக்க என்ன.
பனி பொழிந்ததைப் படம் எடுத்து அனுப்பினேன்.
"உருகினா எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேட்டிருந்தாள்.

மார்ச் மாதம் பேராசிரியர் பிரிட்சர்ட்
அவள் அட்டவணையில் பென்சிலால் வட்டங்கள் போட்டார்.
மாதத்தில் இரண்டு மூன்று மாலைகள், எண் இல்லை.
ஏன்?

முகாமில் தலை எண்ணும் நாட்கள்.
வரிசையில் நின்று பெயருக்குக் கை தூக்க வேண்டும்.
அதிகாரி பிந்தினால் கடல் காத்திருக்காது.
பெரிய மனிதர் யாராவது பாம்பன் பாலம் கடந்தால்
அன்றைக்கும் வெளியே வர முடியாது.

எனக்குத் தெரியும்.
அந்த மேசை முன்னால்
அவ்வளவு ஆங்கிலம் எனக்கு வரவில்லை.
இல்லை, வந்தது. சொல்லத் தொடங்கினால்
அந்த நாற்காலி யாருடையது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.
"கருவிப் பிழை" என்றேன்.
அவர் தலையசைத்தார்.
முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் கூட்டி
இரண்டால் வகுத்து நிரப்பச் சொன்னார்.
நிரப்பினேன்.
கோடு எங்கும் அறுபடாமல் அழகாக ஓடியது.

ஜூனில் அறிக்கையை அவள் கையில் கொடுத்தேன்.
அட்டையில் என் பெயர். நன்றிப் பக்கத்தில் அவள் பெயர்.
படகுத்துறையில் கால் தொங்கப்போட்டு
ஒரு பக்கம் விடாமல் படித்தாள்.
நாற்பத்தோராம் பக்கத்து அடிக்குறிப்பில் விரல் நின்றது.
"கருவிப் பிழை எண்டது,"
நிமிராமல் கேட்டாள், "நானோ?"

காற்று தாளைப் புரட்டப் பார்த்தது.
செருப்பைக் கழற்றி மேலே வைத்தாள்.
"பென்சில் இருக்கா?"
பேனாதான் இருந்தது.
"அதுவும் சரி."
நான் நிரப்பிய எண்களை ஒவ்வொன்றாகத் தேடி
வெட்டிக்கொண்டே வந்தாள்.
கோபமாக இல்லை. கணக்குத் திருத்துகிற மாதிரி.
ஒன்பதாவதில் முகாம் பக்கமிருந்து விசில்.
அறிக்கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள்.
"மிச்சம் நாளைக்கு."

மணி ஆறு.
கோலில் அறுபத்து நாலு.
பார்த்தேன்.
எழுதிக்கொள்ளவில்லை.