எத்தனை கிராம்

நாலாம் குறுக்குத் தெருவில் மூட்டை இறக்கும் மருதை
வாயைத் திறக்க ஐந்து நிமிடம் எடுத்தார்.
வெளியே வோட் பிளேஸில் மழை.
தோளில் சாக்குத்துண்டு அப்படியே கிடக்க
பெரிய வெங்காயத்தின் வாசம் அறைக்குள் வந்து குந்தியது.

"புத்துநோய்னா இப்பவே சொல்லிடுங்க,
சீட்டுக் காசு இன்னும் ரெண்டு தவணை கட்டணும்."

எவ்வளவு காலமாய்? மூணு தீபாவளி.
நோகுதா? இல்ல.
வெற்றிலை? கட்டியைக் கண்ட அன்னிக்கே விட்டாச்சு.

இடது கன்னத்தின் உள்ளே, கடைவாய்ப் பல்லுக்கு எதிரே
நெல்லிக்காய் அளவில், மஞ்சள் சாயலில்.
விரல் வைத்தால் நழுவிப்போகிறது.
கண்ணாடித் தகட்டால் அழுத்தினேன், வெளுக்கவில்லை.
ஆக, இரத்தக் குழாய்க் கட்டி இல்லை.
மேலே புண் இல்லை, அடியில் இறுக்கம் இல்லை,
கழுத்தில் நெறி கட்டவில்லை.
படித்த பெயர்களை ஒவ்வொன்றாய் வெட்டிக்கொண்டு வருகிறேன்.
இரண்டு மிச்சம்.

"ஒண்டுமில்லை ஐயா" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
போன வருடம் ஒருவரிடம் அப்படிச் சொன்னேன்.
இப்போது சொல்வதில்லை.

விறைப்பூசி. சின்னக் கீறல்.
கீறியதும் தானாகவே எட்டிப் பார்த்தது,
உரித்த கோழியின் கொழுப்பைப் போல.
மூன்று தையல்.
நேர்ஸ் ரேணுகா போத்தலை நீட்டினாள்.

ஃபோர்மலினில் போட்டால்
மற்றச் சதையெல்லாம் அடியில் போய்ப் படுத்துவிடும்.
இது
ஏறி வந்து மேலே நின்றது.

வெறும் கொழுப்பு.
அந்தத் திரவத்துக்கே தெரிந்துவிட்டது.
ஆனாலும் அதைச் சீவி, சாயமேற்றி, கண்ணாடியில் வைத்துப் பார்த்து
லாப்தான் எழுத வேண்டும், பதினான்கு நாள்.

"மிதக்குது" என்றேன். அவ்வளவுதான்.

பஞ்சைக் கடித்த வாயோடு போத்தலை வாங்கி
ஜன்னல் பக்கம் பிடித்தார்.
ஐம்பது கிலோவுக்குக் குறைந்த எதையும்
பாரமென்று மதிக்காத கழுத்து
மெல்லச் சாய்ந்தது.

"எத்தனை கிராம் இருக்குங்க?"

இங்கே தராசு இல்லை என்றேன்.
நாங்கள் நீளம் அகலம் மட்டும்தான் பார்ப்போம்.

உள்ளங்கையில் போத்தலை
ஒருதரம் ஏந்தி இறக்கினார்,
இன்னொருதரம்.
"போத்தல், தண்ணி கழிச்சா
ரெண்டு."

படிவத்தில் அதற்கு இடமில்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.