கார்க் திருகி

விஸ்மாவிடம் எனக்கு விளக்குப் பிடிக்கும் வேலை.
சிரிக்காதீர்கள்,
சம்பளம் உண்டு, தோல் கையுறையும் உண்டு.
தாங்கியில் நிறுத்தினால் நிழல் செத்துவிடும் என்பாள்,
ஆகவே ஆள் வேண்டும்.
ரீகாவில் நவம்பர் மாதம்
நாலு மணிக்கே கடையைக் கட்டிவிடும் சூரியன்.
அதற்குப் பிறகு எங்கள் கிடங்குக்கு
ஐந்நூறு வாட்டில் நான்தான் பகல்.

உல்திஸ் விட்டுப்போனவை
மூன்று அட்டைப்பெட்டி.
பனியில் சறுக்கும் ஒற்றைக் காலணி,
காளான் அறுக்கும் மடக்குக் கத்தி,
அக்கார்டியனின் பதினொரு பித்தான்கள்,
புகைமீன் டின்கள்,
வரி அலுவலகத்துக்கு எழுதி அனுப்பாத கடிதம்.
எரிப்பதா விற்பதா என்று
கோடை முழுக்க யோசித்தவள்
ஒருநாள் பற்றவைப்புக் கம்பியோடு வந்தாள்.

எதிரில் நின்று பார்த்தால் குப்பைதான்.
குப்பை வண்டிக்காரர் இருமுறை கேட்டுவிட்டார்.
"இன்னும் இடப்பக்கம்" என்பாள்.
நகக்கண் அளவு நகர்வேன்.
சுவரில் கத்தி இறங்கித் தாடையாகும்.
காலணியின் விளிம்பு தோளாகும்.
டின்னில் ஆணியடித்த துளை வழியாக
ஒழுகும் வெளிச்சம் கண்.
ஐந்து வாரம் ஆயிற்று
அவர் மூக்கும் முழியுமாக வர.

மூக்கு, ஒயின் புட்டி திறக்கும் கார்க் திருகி.
சுருளையெல்லாம் மறைத்துக்கொண்டு
நடுவில் லேசாகப் புடைத்த அதே மூக்கு.
அன்றிரவு விளக்கை அணைக்கச் சொல்லவில்லை.
மேலங்கியைப் போட்டுக்கொண்டு
சுவர்ப் பக்கம் பார்க்காமல் போனாள்.
பிடித்தபடியே நின்றிருந்தேன் நான்.

திறப்பு விழாவுக்கு அவரே வந்தார்.
அழைத்தது யாரென்று
அவள் இன்றுவரை கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
எல்லோரையும் போலத் தலையைச் சாய்த்து
சுவரைப் பார்த்தார். ஆளைத் தெரியவில்லை.
தன் முகத்தைப் பக்கவாட்டில்
யார்தான் பார்த்திருக்கிறார்கள்?
பிறகு குவியலின் பக்கம் குனிந்தார்,
முகம் மலர்ந்தது.
"என் திருகி!
வீடு முழுக்கத் தேடினேனே."

அறுபது பேர் கையில் ஒயினோடு நின்றார்கள்.
விஸ்மா மூன்று திருகாணிகளைக் கழற்றினாள்.
திருகியைத் துணியில் துடைத்து
கைப்பிடிப் பக்கமாக நீட்டினாள்.
சுவரில் அவருக்கு மூக்கறுந்தது.
யாரோ கைதட்டினார்கள்,
இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்து.
நன்றி சொல்லி, அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு
பதினோராம் எண் டிராமைப் பிடிக்க ஓடினார்.

கிடங்கு காலியானபின்
துணி உலர்த்தும் கிளிப் ஒன்றை வைத்துப் பார்த்தாள்.
வேறு யாரோ வந்தார்.
சாவியை வைத்தால் இன்னும் வேறு யாரோ,
கொஞ்சம் கோபக்காரர்.
அக்கார்டியன் பித்தான், குழந்தை மூக்கு.
சலித்துப்போய்த் தன் கட்டைவிரலைக் கொண்டுபோய்
அந்த இடத்தில் நிறுத்தினாள்.

பொருந்தியது.
யாருடைய கையோ நடுங்க
மூச்சுவிட்டது நிழல்.

"அசையாதே" என்றாள்,
என்னிடமா, தன்னிடமா, சுவரிடமா.
விளக்கின் தகரம் கையுறையைத் தாண்டிச் சுட்டது.
வெளியே தௌகவா ஆற்றில் ஏதோ படகு
இரண்டுமுறை ஊதிவிட்டுப் போனது.
எனக்கும் ஒரு கடைசி டிராம் இருந்தது.
நான் அசையவில்லை.